டேக்கில் கை வைத்தது யார்?

"நான் எதையும் தொடலையே" என்று ஒருவர் தானாக வந்து சொன்னால், எதைத் தொட்டிருக்கிறார் என்று உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ ஃபேக்டரியில் எனக்கு வேலை. நான் ஷூ தைப்பதில்லை. தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கணினியில் வரைந்து வைப்பார்களே, பேட்டர்ன், அந்தக் கோப்புகளைக் காப்பது என் பொறுப்பு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை மறக்காமல் வைத்திருக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் என்ற மென்பொருளைக் கட்டி மேய்க்கிறேன். தினமும் காட்பாடியிலிருந்து ரயிலில் வந்து போகிறேன். ஃபேக்டரியில் என் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, 'சிஸ்டம் மேடம்' என்றால்தான் தெரியும். உங்களில் யாராவது இதே வேலையில் இருந்தால் முதலில் என் அனுதாபங்கள். நீங்களும் என்னைப்போலவே மனிதர்களைவிட அவர்கள் கடைசியாகச் சேமித்த நேரத்தைத்தான் நம்புகிறவராக ஆகியிருப்பீர்கள்.

ஒரே பெயரில் ஓர் ஊர்

மென்பொருளை வைத்த அன்று எல்லோரையும் கூட்டி விளக்கினேன். யார் எந்தக் கோப்பை மாற்றினாலும் இதில் பெயர் பதிவாகும், மாற்றியதால் பழையது எங்கேயும் போய்விடாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம் என்றேன். இரண்டாவது பாதி ஒருவர் காதிலும் ஏறவில்லை. பெயர் பதிவாகும் என்றதுமே முகங்கள் மாறிவிட்டன. கேன்டீனில் கேமரா வைத்தபோது எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்ட ஃபேக்டரி இது. இதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்காமலா இருப்பார்கள்?

கொஞ்ச நாள் கழித்துப் பதிவுகளைத் திறந்து பார்த்தால், காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லாவற்றையும் மாற்றியிருப்பவர் ஜான்சி. ஜான்சி அக்கா எங்கள் பேட்டர்ன் மேக்கர், பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நல்ல வேலைக்காரிதான், ஆனாலும் ஒரே நேரத்தில் டிசைன் அறையிலும் கட்டிங் செக்‌ஷனிலும் இருக்க அவரால் முடியாது. விசாரித்ததில், அவருடைய பாஸ்வேர்டு ஃபேக்டரிக்கே தெரிந்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாகக் கொடுத்திருக்கிறார். அவரவர் அவரவர் பெயரில்தான் நுழைய வேண்டும் என்று ஃபேக்டரி மேனேஜர் இம்தியாஸ் பாயிடம் முறையிட்டேன். வேலை நடக்கிறதா இல்லையா, நடந்தால் விடு என்று அவர் ஒதுக்கிவிட்டார். சரியென்று கட்டிங் சூப்பர்வைசர் முனிரத்தினம் அண்ணனையே போய்க் கேட்டேன், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று. அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"உங்க சிஸ்டம் பேரு கேட்டுது, ஒரு பேரு குடுத்தோம். யாரு பேருன்னு அது கேக்கலையே மேடம்?"

குழம்பு கொதித்த வீடு

பிராஞ்ச் என்று ஒரு வசதி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பேட்டர்னைக் கெடுக்காமல், அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து மாற்றிப் பார்ப்பது. மாற்றம் நன்றாக வந்தால் அதைக் கொண்டுவந்து பிரதானக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். சரிவராவிட்டால் நகலோடு ஒழிந்தது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இம்தியாஸ் பாய்க்கு இந்தத் 'தனியாக' என்ற வார்த்தை பிடிக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு ஃபேக்டரியின் மாடல் ராணிப்பேட்டையிலோ மேல்விஷாரத்திலோ இன்னொரு ஃபேக்டரியில் தலைகாட்டினால், யாரோ ஒருவர் வேலை போகும். அது சரியான ஆள்தானா என்று யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. அதனால் "நல்ல காரியத்தை எதுக்கும்மா தனியாப் போய் பண்ணணும்?" என்று என்னையே கேட்டார்.

ஒரு மாடலில் நாக்குப் பகுதி சுருங்குகிறது என்று தையல்காரர்கள் புகார் சொல்ல, ஜான்சி அக்கா பிராஞ்ச் எடுத்துச் சரிசெய்யத் தொடங்கினார். பாய் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டே இருந்தார். திரையில் என்ன வருகிறது என்று புரியாததால் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. தன்னைக் கேட்காமல் பிராஞ்சிலிருந்து எதுவும் பிரதானக் கோப்புக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டார், பிறகு அவரை யாரும் கேட்கவும் இல்லை, அவருக்கு ஞாபகமும் இல்லை. நாக்கு பிராஞ்சில் அழகாக நேராகிவிட்டது. தையல் லைனிலிருந்து இறங்கிய ஷூவில் அதே சுருக்கம். ஜான்சி அக்கா எப்போதோ சரிசெய்துவிட்டாரே என்று நான் வாதாடப் போக, கையில் சுருங்கிய ஷூவை வைத்துக்கொண்டிருந்த முனிரத்தினம் அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவங்க வூட்ல கொழம்பு கொதிச்சா எங்க வூட்ல பசி போய்டுமா மேடம்?"

பூட்டும் சாவியும்

பிராஞ்சைப் புரியவைக்கப் பட்ட பாடு டேக்குக்குப் படவில்லை. ஏனென்றால் ஷூ ஃபேக்டரியில் சீல்டு சாம்பிள் என்று ஒன்று ஏற்கெனவே உண்டு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் ஒரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திருப்தியானால் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஷூவில் கட்டி, சீல் வைத்துவிடுவார். அதற்குப்பின் வருகிற ஒவ்வொரு ஷூவும் அதைப் போலவே இருந்தாக வேண்டும். அந்த ஜோடி இம்தியாஸ் பாயின் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். டேக்கும் அதுதான், கணினிக்குள் இருக்கும் சீல்டு சாம்பிள் என்றேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பாய் மட்டும் ஒரு கேள்வி கேட்டார், அந்த அலமாரிக்குச் சாவி யாரிடம் என்று. உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. நாங்கள் வைத்திருப்பது பழைய வகை மென்பொருள். அதில் பிராஞ்சும் ஒரு நகல்தான், டேக்கும் ஒரு நகல்தான். நகலைப் பிராஞ்ச் என்ற ஃபோல்டரில் போட்டால் பிராஞ்ச், டேக் என்ற ஃபோல்டரில் போட்டால் டேக். மற்றபடி இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. டேக்கை யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், ஆனால் மாற்றக்கூடாது, அது ஒரு கட்டுப்பாடு என்றேன். "மாத்தக்கூடாதுன்னா மாத்த மாட்டாங்களா? நீங்க எந்த ஊரும்மா?" என்றார். காட்பாடி என்றேன். ஏதோ நான் வெளிநாடு என்று சொன்னதுபோல் பார்த்தார்.

அதனால் டேக் ஃபோல்டருக்குப் பூட்டுப் போட்டு அதன் பாஸ்வேர்டை அவரிடம் மட்டும் கொடுத்தேன். அவர் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, லேபிள் இடத்தை மாற்றச் சொல்லி ஒரு பையரிடமிருந்து தகவல் வந்தது. பாஸ்வேர்டைப் போனில் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை, புது டேக் போட வழியில்லை. மெஷின் நின்றது, ஆட்கள் நின்றார்கள், பாய் எழுந்து கை கழுவிவிட்டு ஃபேக்டரிக்கு வந்தார். வந்ததும் பூட்டை எடுக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் போட்டார்: கோப்பைப் படித்துத் தோலை வெட்டும் கட்டிங் மெஷின் கண்ணுக்கு டேக் மட்டும்தான் தெரிய வேண்டும், பிராஞ்ச் எதுவும் தெரியக்கூடாது, தெரிந்தால் ஆளாளுக்குத் தனக்கொரு ஷூ வெட்டிக்கொள்வான். அப்படியானால் பையருக்குக் காட்டிப் பார்க்கும் ட்ரையல் ஜோடியை எதிலிருந்து வெட்டுவது என்று முனிரத்தினம் அண்ணன் நியாயமாகத்தான் கேட்டார். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பூட்டு இல்லாமல் டேக்குக்கு ஏது பாதுகாப்பு என்று நானும் கேட்டேன்.

"பூட்டு வேணாம்மா, பயம் இருந்தா போதும்."

எட்டைக் காணோம்

பையர் தரப்பிலிருந்து ஆண்டுக்கொருமுறை ஒரு ஆடிட்டர் வருவார். எல்லாவற்றையும் பார்ப்பார், தீயணைப்பு வாளியிலிருந்து தொடங்கி என் மேஜைக்கு வந்து சேர்வார். ஒரு மாடலுக்கு இதுவரை போட்ட டேக்குகளை எண் வரிசையாகக் காட்டினேன். ஆறு, ஏழு, ஒன்பது என்று போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏழுக்கு அப்புறம் ஒன்பதா என்றார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. யாரோ ஒரு டேக்கை அழித்திருக்கிறார்கள், அதை எங்கேயோ விற்றிருக்கிறார்கள் என்று என் மனம் ராணிப்பேட்டை வரை போய்விட்டது.

கடைசியில் பார்த்தால் அழிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. எட்டாம் நம்பர் ஆகாது, எட்டு என்று பெயர் வைத்தால் அனுப்பும் சரக்கு லாட்டோடு திரும்பி வந்துவிடும் என்று முனிரத்தினம் அண்ணன் கேட்டுக்கொண்டதால், ஜான்சி அக்கா ஏழுக்குப்பின் நேராக ஒன்பது என்று போட்டிருக்கிறார். கிறிஸ்தவர்தான், எட்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாது. இதை ஆடிட்டருக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சரி மேடம், நான் நம்புறேன். அந்த எட்டை மட்டும் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறேன்."

ரயிலில் கிடைத்த ஆறுதல்

அன்று சாயங்கால ரயிலில், பெங்களூருவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு ஐடி கம்பெனிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் என் வேலையைச் சொன்னதும், "இன்னும் அந்தப் பழசையா வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். அவர்கள் வைத்திருக்கும் புதிய மென்பொருளில் பிராஞ்ச் என்பது நகலே இல்லையாம். ஒரு அடையாளக் குச்சியாம். வேலை முன்னே போகப்போகக் குச்சியும் கூடவே நகரும். டேக்கும் ஒரு குச்சிதான், ஆனால் அடித்த இடத்திலேயே நிற்கும். கேட்கவே குளுகுளுவென்று இருந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், அந்தக் குச்சியைப் பிடுங்கவே முடியாதா என்று கேட்டேன். கட்டாயப்படுத்தினால் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் அவருடைய முகத்தில் ஒரு வாட்டம் வந்தது.

"எங்க டீம்ல யாரும் அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க மேடம். போன வாரம்தான் ஒருத்தன் பண்ணிட்டான்."

காலர் இறங்கியது

இனி வருவதைச் சிரித்துக்கொண்டே சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பெரிய ஆர்டரின் முதல் ஜோடிகள் லைனிலிருந்து இறங்கிய அன்று, பையரின் இன்ஸ்பெக்டர் சென்னையிலிருந்து வந்தார். கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொல்லி, சீல்டு சாம்பிளை எடுத்து, லைனில் வந்த ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார். கணுக்காலைச் சுற்றி வரும் காலர் எங்கள் ஷூவில் கொஞ்சம் இறங்கி இருந்தது. ஸ்கேல் வைத்தார். இரண்டு மில்லி கம்மி. மொத்த லாட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கட்டிங் மெஷின் டேக்கைத் தவிர வேறெதையும் பார்க்காது. அப்படியானால் டேக்கிலேயே யாரோ கை வைத்திருக்க வேண்டும். திறந்து பார்த்தேன். சீல் வைத்தபிறகு ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது. பெயர், ஜான்சி. தேதியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அன்று அக்கா லீவு. தங்கையின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ராணிப்பேட்டைக்குப் போயிருந்தார். அவர் இங்கே இல்லவே இல்லை என்று பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் நிதானமாக, வெளியூரிலிருந்து உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று கேட்டார். பாயே வீட்டிலிருந்து தினமும் நுழைந்து பார்க்கிறவர், இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? இருக்கிறது என்றேன். அக்கா ஊரில் இல்லை என்பதே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"பேரு இருக்கு. ஊரும் இருக்கு, அதுவும் ராணிப்பேட்டை. இன்னும் இன்னாம்மா வேணும்?"

கேக் எதற்கு?

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஜான்சி அக்காவிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். வேலை போவதுகூடப் பெரிதில்லை. பேட்டர்னை வெளியே கொடுத்தவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது சாயங்காலத்துக்குள் மேல்விஷாரம் வரை போய்விடும், அப்புறம் இந்த வட்டாரத்தில் எந்த ஃபேக்டரியும் அவரை உள்ளே விடாது. அக்காவின் கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகளுக்கும் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். இது ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரே நாளில் எல்லோருக்கும் பழைய விஷயங்கள் புதிதாகத் தெரியத் தொடங்கின. ஞானஸ்நானம் முடிந்து வந்தபோது அவர் ஒரு பெரிய கேக் கொண்டுவந்திருந்தார். அடித்துப் பிடித்துத் தின்றோம். அதே வாய்கள் இப்போது, திடீரென்று எதற்குக் கேக் கொண்டுவந்தாள் என்று கேட்டன.

நான் மட்டும் யோக்கியமா? கேட் அருகே பஸ்ஸுக்கு நின்றிருந்தவரைப் போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். "கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன் மேடம். யாரைன்னு சொல்றது? ஒரு பேரைச் சொன்னா அவங்க வேலை போய்டும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கை வீட்டுக்காரர் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று, சும்மா விசாரிப்பதுபோல், அதையும் கேட்டுவைத்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்தார்.

"ஞானஸ்நானத்துல எடுத்த போட்டோ எல்லாம் இருக்கு மேடம், அன்னிக்குப் பூரா சர்ச்லதான் இருந்தேன். பாக்கறீங்களா?"

மற்ற அளவுகள்

அந்த போட்டோக்களை நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து, சீல் வைத்த அன்று இருந்த கோப்புகளையும் மாற்றியபின் இருக்கும் கோப்புகளையும் ஒவ்வொரு அளவாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது, மாற்றமில்லை. நாற்பது, நாற்பத்தொன்று, மாற்றமில்லை. நாற்பத்திரண்டில் மட்டும் காலர் இறங்கியிருந்தது. அதற்கு மேலே மறுபடி மாற்றமில்லை. ஓடிப்போய் லைனில் நிற்கும் ஷூக்களை அளந்தேன். நாற்பத்திரண்டைத் தவிர எல்லாம் சரியாக இருந்தன. சீல்டு சாம்பிள் நாற்பத்திரண்டு என்பதால் இன்ஸ்பெக்டர் அந்த அளவைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் நாங்கள் எல்லோரும் ஆளைத் தேடுவதில் இருந்த அவசரத்தில், மற்ற அளவுகளை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேட்டர்னைத் திருடுகிறவருக்கு மாற்ற வேண்டிய தேவையே இல்லை, நகல் எடுத்தால் போதும். கெடுக்க நினைப்பவர் ஒரே அளவோடு விடமாட்டார். ஒரே அளவில், அதுவும் நாற்பத்திரண்டில் மட்டும் மாற்றினால், அது புது பையருக்குக் காட்டுவதற்கான ட்ரையல் ஜோடி. எங்கள் ஃபேக்டரியில் ட்ரையல் எப்போதும் அந்த அளவுதான். பாயின் அறைக்குப் போய் இதைச் சொன்னேன். முனிரத்தினம் அண்ணன் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். ட்ரையல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் தலை குனிந்துவிட்டது.

"பாய், நீங்க சென்னைல தோல் கண்காட்சில இருந்து போன் பண்ணீங்களே" என்று மெதுவாக ஆரம்பித்தார். கண்காட்சியில் பாயின் பக்கத்தில் வேறொரு பையர் நின்றிருக்கிறார். இதே மாடலில் காலர் கொஞ்சம் இறங்கி இருந்தால் நன்றாயிருக்கும் என்றிருக்கிறார். உடனே ஒரு ஜோடி வெட்டித் தைத்து அனுப்பு என்று பாய் போனில் உத்தரவிட்டிருக்கிறார். மெஷின் கண்ணுக்கு டேக் மட்டும்தான் தெரியும். அதனால் டேக்கைத் திறந்து, எல்லோரும் நுழைகிற பெயரில் நுழைந்து, நாற்பத்திரண்டை மாற்றி, அண்ணன் அந்த ஜோடியை வெட்டியிருக்கிறார். மாற்றியதைத் திருப்பி வைக்கவில்லை. "பழசு எங்கயும் போகாதுன்னு மேடம் சொன்னாங்க. லாட்டுக்குப் பழசைத்தான் எடுக்கும்னு நெனச்சேன்" என்றார். பழையது போகவில்லைதான், ஆனால் மெஷின் எப்போதும் கடைசியாக உள்ளதைத்தான் எடுக்கும். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "பாய் சொல்லித்தான் பண்ணேன்னு பாய்கிட்டயே எப்படி மேடம் சொல்றது?" என்றார். இம்தியாஸ் பாய் முனிரத்தினம் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நான் போன்ல சொன்னேன்னு அந்த சிஸ்டத்துல எங்கம்மா இருக்கு?"

அந்தப் பக்கம்

நாற்பத்திரண்டை மட்டும் மறுபடி வெட்டினார்கள். இன்ஸ்பெக்டர் இன்னொருமுறை வந்து, இந்தத் தடவை எல்லா அளவையும் பார்த்து, லாட்டை விடுவித்தார். ஜான்சி அக்காவை வரச்சொல்லி என்னிடம்தான் சொன்னார்கள். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது, "அவங்களை வரச் சொல்லிடும்மா" என்பதோடு சரி. அக்கா வந்தார். அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கட்டிங்கிலிருந்து ஒருவர் பழைய ஞாபகத்தில் "அக்கா, உங்க பேர்ல கொஞ்சம் போட்டுக்கறேன்" என்று வந்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முடியாது என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

இப்போது எல்லோருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பாஸ்வேர்டு. பாயே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் வருஷக்கணக்கில் கேட்டுக் கிடைக்காதது, அக்காவின் மானத்தை ஒரு வாரம் சந்தியில் நிறுத்தியபிறகு கிடைத்தது. டேக் ஃபோல்டருக்குப் பூட்டும் போட்டாயிற்று, ட்ரையலுக்கென்று மெஷினுக்கு ஒரு பிராஞ்சும் தெரிகிறது. முதல் கணக்கை ஜான்சி அக்காவுக்குத்தான் திறந்துகொடுத்தேன். அவர் பக்கத்திலேயே நின்று, புதிதாக ஒரு பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள் என்றேன். அக்கா கீபோர்டின் மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டார். விரலை வைத்தவர் அடிக்காமல் நின்றார். நான் நகர்வேன் என்று காத்திருந்திருக்கிறார், எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் அவரே கேட்டார், எப்போதும்போல் மரியாதையாகத்தான் கேட்டார். நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குமுன் யாரும் என்னை அப்படி நிற்கவைத்ததில்லை, எனக்கு அது நன்றாக வேண்டும் என்று தோன்றியது.

"மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?"

ஆக, என் சக பாவிகளே, எங்கள் கோப்புகள் இப்போது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒருவரும் நம்புவதில்லை என்பதைத் தவிர எங்கள் ஃபேக்டரியில் ஒரு குறையும் இல்லை.